வேர்க்காதவன்

பல்லைக் காட்டத்தான் போனோம்.
வண்ணாரப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ,
ஏழு பேர் தொடை நெருக்கி.
லோகித் என் மடியில், ஈரத்துண்டு அவன் தலையில்.
பங்குனிக்கே அந்த வெயில்.

ஏழு வயசு. மேலே இரண்டு, கீழே ஒன்று.
மூன்றும் ஆணிமுனை.
கூடப் படிக்கிறதுகள்
விழுந்த பல்லை ஓட்டுமேல் எறிந்துவிட்டு
புதுசை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கின்றன.
இவனுக்கு எறியவும் ஒன்றில்லை.

"லேட்டா மொளைக்கும்" என்றது தெரு.
"வயித்துல இருக்கசொல்ல நீ மாத்திரைய முழுங்கல"
என்றாள் ஓரகத்தி.
முழுங்கினேன். அட்டை எண்ணி முழுங்கினேன்.
அந்தச் சுண்ணாம்பு வாசம் இன்னும் தொண்டையில் இருக்கு.

தாடையைச் சுற்றி மெஷின் ஒரு அரைவட்டம் போனது.
டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
இந்த வயசில் எலும்புக்குள்
அடுத்த வரிசை காத்திருக்கணுமாம்,
அட்டையில் குத்திய பொத்தான்கள் போல.
இவன் படத்தில் வெறும் சாம்பல்.

எப்ப மொளைக்கும் என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"இவனுக்கு வேர்க்குமா?"

பல் டாக்டர் எதுக்கு வேர்வையைக் கேக்கணும்?

காசிமேட்டில் எட்டியப்பன் ஐஸ்பார் இறக்கும் இடத்தில்
பெட்டியோடு கன்னத்தை ஒட்டிவைத்து நிற்பான்.
ஐஸ் திருடுகிறான் என்று அடித்திருக்கிறோம்.
பி.டி. பீரியடில் சுருண்டு விழுந்தான்,
நடிப்பு என்றார் வாத்தியார்.
நானும்தான் சொன்னேன்.
அவன் சட்டைக் காலரில் அழுக்குக் கோடு விழுந்ததே இல்லை.
துவைக்கச் சுலபம் என்று
சந்தோஷப்பட்டவள் நான்.

என்ன வேலை செய்யறீங்க என்று கேட்டாள்.
காஜா எடுக்கறேன், பீஸ் ரேட்டு என்றேன்.
"அப்ப உங்களுக்குப் புரியும்.
கரு உளுந்தளவு இருக்கும்போது
மேல்தோல் அங்கங்கே உள்ளே மடியும்.
ஒரு மடிப்பு பல்லாகும், ஒண்ணு முடியாகும்,
ஒண்ணு வேர்வைப் பையாகும்.
எல்லாம் ஒரே துணி.
மடிக்கச் சொல்ற சேதி வரலைன்னா
எல்லாமே குறையும்."

பல்லுக்கும் வேர்; உடம்பு நனைந்தால் அதுவும் வேர்.
சும்மாவா சொல்லிவைத்தார்கள்
என்று ஒரு கணம் பைத்தியம்போல் யோசித்தேன்.

"நீங்க சிரிங்க" என்றாள்.
கை தானாக வாயை மூடியது.
கல்யாண போட்டோவிலும் மூடியேதான் நிற்கிறேன்.
விரலை மெல்ல விலக்கினாள்.
மேல்வரிசை ஓரத்தில்
அரிசிப்பல் ஒன்று, அதன் ஜோடி கிடையாது.
"உங்களுக்கு ரெண்டு நூல். ஒண்ணு அறுந்தாலும்
இன்னொண்ணு பாதி தாங்கும்.
பையனுக்கு ஒரே நூல்.
யார் தப்பும் இல்ல."
பேனாவைத் திறந்தாள்.
"கூடப்பொறந்த ஆம்பளப் பசங்க?"

ஒருத்தன் இருந்தான்.
கத்திரி வெயிலில் காய்ச்சல், பதினோரு மாசம்.
பல் முளைக்காத பிள்ளை.
பிள்ளைக்காரி மாம்பழம் தின்னதால சூடு என்று
அம்மாவை வருஷக்கணக்காக ஏசினார்கள்.
அவள் அதற்கப்புறம் மாம்பழத்தைத் தொட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு டாக்டரம்மா சீட்டு எழுதினாள்:
மாணவனை வெயிலில் நிறுத்தக் கூடாது.
சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்ள அனுமதிக்கவும்.
மிஸ் இரண்டு தரம் படித்தாள்.
இப்போது பத்து மணிக்கு ஒரு தரம், பன்னிரண்டுக்கு ஒரு தரம்
குழாயடியில் நின்று நனைகிறான்.
மற்ற பிள்ளைகளுக்குப் பொறாமை.

செட்டுப் பல் வந்துவிட்டது, தீப்பெட்டியில் அடங்கும்.
தாடை வளர வளர மாற்றணும்.
முதல்நாள் முறுக்கு கேட்டான்,
ஒரு கடி கடித்தான்,
"வாய்ல யாரோ இருக்காங்கம்மா" என்று
கழற்றிக் கையில் கொடுத்தான்.

அன்றைக்கு ராத்திரி கரண்ட் இல்லை.
தைத்து முடித்த முதுகைச் செல்போன் வெளிச்சத்தில் காட்டி
எங்கெல்லாம் நனையல, விரலால காட்டு என்றேன்.
என்னாச்சு உனக்கு என்றான் எட்டியப்பன்.
அப்புறம் ஒன்றும் பேசவில்லை.
ஐஸ் தூக்கிக் காய்த்த விரல்
தோளில் ஆரம்பித்து
வளைந்து
இடுப்புவரை உலர்ந்தே வந்தது.